தரீபா: தில்லியின் வெள்ளி வீதி

ஊரிலிருந்து உறவினர் வந்தால், தில்லியில் வாழும் நம்மவர் அவர்களை முதலில் செங்கோட்டைக்கும், அடுத்து ஜும்மா மசூதிக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். இடையிலுள்ள ஒரு தெருவை நம்மில் பலர் கவனியாமலே கடந்து விடுகிறோம். கோட்டை வாயிலிலிருந்து சாந்தினி சௌக் வழியே மேற்கு நோக்கி நடந்தால், சீஸ்கஞ்ச் குருத்துவாராவை எட்டுவதற்குச் சற்று முன்னரே இடப்பக்கமாக அது பிரிகிறது. அதுவே தரீபா கலான். மசூதியை நோக்கிச் செல்லும் இக்குறுகிய வீதியில் நகைக் கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. அவற்றில் வெள்ளிக் கடைகளே மிகுதி.

பெயரைக் குறித்து ஓர் அழகிய விளக்கம் உண்டு. 'விலைமதிப்பற்ற முத்து' எனப் பொருள்படும் பாரசீகத் தொடரே மருவித் தரீபா ஆயிற்று என்பர். நகை வீதிக்குப் பொருத்தமான பெயர்தான். ஆயினும் நமக்கு ஓர் ஐயம். லக்னோவிலும் ஜெய்ப்பூரிலும் 'பான் தரீபா' என்னும் இடங்கள் உள்ளன. வெற்றிலை விற்கும் கடைவீதிக்குத் தரீபா என்ற பெயர் முன்பு வழங்கியதுண்டு. முத்தைக் காட்டிலும் வெற்றிலையே உண்மைக்கு அருகில் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. கலான் என்றால் பெரியது. பக்கத்திலுள்ள கினாரி பஜாருக்குத் தரீபா குர்த், அதாவது சின்னத் தரீபா, என்ற பெயரும் உண்டு.

ஷாஜஹான் 1639-இல் தொடங்கிய நகரம் இது. அவர் மகள் ஜஹானாரா 1650-இல் சாந்தினி சௌக்கை அமைத்தார். அன்று அவ்வீதியின் நடுவே கால்வாய் ஓடியது. அரண்மனை இருக்குமிடத்தில் இரத்தின வணிகரும், பொற்கொல்லரும், நாணயம் மாற்றும் சராபுகளும் வந்து சேர்வது இயல்பே. கோட்டைக்கு இத்தனை அருகில் இருந்தது இவ்வீதிக்கு வாழ்வையும் தந்தது, கேட்டையும் தந்தது.

1739 பிப்ரவரியில் கர்னால் போரில் முகலாயப் படையை முறியடித்த நாதிர்ஷா, மார்ச்சில் தில்லிக்குள் புகுந்தான். அவன் இறந்துவிட்டான் என்று ஒரு வதந்தி கிளம்பியது. பாரசீக வீரர் பலரை நகர மக்கள் கொன்றனர். மார்ச் 22-ஆம் நாள் காலை, தரீபாவுக்கு அருகிலுள்ள சுனேரி மசூதியில் அமர்ந்தபடி நாதிர்ஷா படுகொலைக்கு ஆணையிட்டான். அன்று மாண்டவர் பல்லாயிரவர். அக்காலத்தில் தில்லியில் வாழ்ந்த ஆனந்தராம் முக்லிஸ், தீக்கிரையான இடங்களைக் குறிப்பிடுகையில் தரீபா பஜாரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். தெருவின் முகப்பிலிருந்த வாயிலுக்குக் 'கூனி தர்வாஜா', அதாவது இரத்த வாயில், என்ற பெயர் வந்தது இதனாலேயே. இதே பெயரில் தில்லி கேட் அருகே உள்ள வாயில் வேறு. 1857-இல் முகலாய இளவரசர் சுடப்பட்ட இடம் அது. இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர்.

அவ்வாண்டு, 1857 செப்டம்பரில், ஆங்கிலப் படை நகரை மீட்டபோது மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். புதைத்து வைத்த பொருளைத் தேடி வீட்டுத் தரைகளையும் தோண்டினார்கள். கோட்டைக்கும் மசூதிக்கும் இடையிலிருந்த கடைவீதிகள் பல இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. தரீபா தப்பியது.

நாதிர்ஷா கொண்டுபோன மயிலாசனம் திரும்பி வரவில்லை. ஆனால் எரிந்துபோன தரீபா மீண்டும் எழுந்தது. அரசவை இரத்தினங்களை வாங்குவோர் ஒரு சிலரே. கொலுசும் மெட்டியும் வாங்குவோர் மணவீடுதோறும் உண்டு. இத்தெருவைக் காத்தது பேரரசர்களின் முத்தன்று, எளியோர் வாங்கிய வெள்ளியே என்பது நம் எண்ணம். பொன்னைக் காலில் அணியலாகாது என்ற நம் வழக்கம் வடநாட்டிலும் உண்டு. அதனால் இங்கே 'பாயல்' என்னும் கொலுசும் 'பிச்சியா' என்னும் மெட்டியும் வெள்ளியிலேயே குவிந்து கிடக்கின்றன.

எடையிலும் ஓர் உறவு இருக்கிறது. எட்டு ரத்தி ஒரு மாஷா. பன்னிரண்டு மாஷா ஒரு தோலா. ரத்தி என்பது வேறொன்றுமன்று, நம் குன்றிமணிதான். ஒரு குந்துமணித் தங்கமும் இல்லை என்று நம் வீட்டுப் பெண்கள் குறைப்படுகையில், வடநாட்டு வணிகரும் எடை போட்ட அதே விதையைத்தான் சொல்கிறார்கள். இன்று கிராம் கணக்கு வந்துவிட்டது. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது, 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்யத் தடை விதிக்கப்பட்டது. நாடெங்கும் பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். வெள்ளி அக்கட்டுப்பாட்டிற்கு உட்படவில்லை. 1968-இல் இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீக்கப்பட்டது.

தரீபாவோடு நின்றுவிடலாகாது. 1816-இல் தொடங்கிய அத்தர்க் கடை ஒன்று அத்தெருவிலேயே இருக்கிறது. கினாரி பஜாரில் சரிகைக் கரைகளும் மணமாலைகளும் கண்ணைப் பறிக்கும். அதன் பக்கத்துச் சந்தான நௌகரா, ஒன்பது வீடுகள் கொண்டது. வண்ணம் தீட்டிய வாயில்களும், கோடியில் ஒரு சமணக் கோயிலும் அங்கே உள்ளன. அவ்வளவு நெரிசலுக்கு நடுவில் இத்தனை அமைதியா என்று வியப்போம்.

2017-இல் திறந்த லால் கிலா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சிறிது தூரமே நடை. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வார நாளில் முற்பகலில் செல்வது நலம். மெட்டி வாங்க நினைப்பவர் விலையைக் கேட்குமுன் எடையைக் கேட்கட்டும்.