விரலால் அளந்த வானம்

அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பிரதேசத்தில் உள்ள ஊர் வரிப்பத்தான்சேனை. அங்கிருந்து மக்காவை நோக்கும் கிப்லாத் திசை, நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகை சாய்ந்தது. அதே கோணம் ஆரையனில் 0.42. இரண்டுமே பாடசாலையில் படிக்கும் அளவுகள். ஆனால், இந்து சமுத்திரத்தில் கப்பலோட்டிய அறபு மாலுமிகளின் கோண அளவு வேறு. அவர்கள் விரலால் அளந்தார்கள்.

அறபியில் 'இஸ்பஃ' என்றால் விரல். கையை நீட்டி, தொடுவானத்துக்கு மேலே துருவ நட்சத்திரம் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். பின்னர் விரலின் இடத்தைக் கயிறு கோத்த சிறு பலகை பிடித்தது. அதுவே கமால்.

இந்த அளவின் அழகு, கோணத்தை நேரமாக மாற்றியதில் இருக்கிறது. நட்சத்திரம் ஒரு விரல் உயர வேண்டுமானால் வடக்கே எட்டு 'ஸாம்' ஓட வேண்டும். ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேர ஓட்டம். ஆக, ஒரு விரல் ஒரு முழு நாள். நமது சாமமும் மூன்று மணி நேரமே என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

சிக்கல் எங்கே வருகிறது? விரலைப் பாகையாக மாற்றும்போதுதான். 1490 அளவில் நூலெழுதிய இப்னு மாஜித் வட்டத்துக்கு 224 விரல் கொண்டார். ஒரு விரல் 1 பாகை 36 கலை. அடுத்த நூற்றாண்டின் சுலைமான் அல்மஹ்ரி கொண்டதோ 210 விரல். அப்போது ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 43 கலை. வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். பத்து விரலில் அது ஒரு பாகையைத் தாண்டிவிடும். கடலில் ஏறக்குறைய 120 கிலோமீற்றர். கல்முனைக்கு நேரே நிற்பதாக நம்பும் கப்பல் திருகோணமலைப் பக்கம் நிற்கக்கூடும். பழைய கடல்நூல்களிலுள்ள துறைமுகங்களை இன்றைய வரைபடத்தில் குறிக்கும் ஆய்வாளருக்கும் இதே ஆபத்து உண்டு.

சோழமண்டலக் கரை மாலுமிகள் இந்தத் தொல்லையையே வைத்துக்கொள்ளவில்லை. பலகையின் கயிற்றில் துறைமுகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள் என்பதை 1850 இல் சென்னைச் சஞ்சிகை ஒன்றில் வந்த ஆங்கிலக் கட்டுரை பதிவுசெய்கிறது. முடிச்சுக்குப் பாகையும் தேவையில்லை, பெருக்கலும் தேவையில்லை. ஊரின் பெயர் தெரிந்தால் போதும்.

அளவை மாற்றுவது வெறும் பெருக்கல் கணக்கு என்று நாம் நினைக்கிறோம். பெருக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அது யாருடைய விரல்?