தண்ணீர் வடிந்த பிறகு வந்த பசி

1970-ல் கிழக்குப் பாகிஸ்தானைப் போலா புயல் தாக்கியது. அடுத்த நான்காண்டில் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமாகியிருந்தது. ஆறு மட்டும் மாறவில்லை. 1974 ஜூன் கடைசியில் கரைபுரண்ட பிரம்மபுத்திரா, செப்டம்பர் வரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

வடக்கே ரங்பூரில் அது நடவுக் காலம். நமக்குச் சம்பா போல அவர்களுக்கு அமன் நெல். வயலெல்லாம் வெள்ளம் நிற்கும்போது நடவேது, களையெடுப்பேது? நிலமில்லாதவர்களின் கூலி அப்படியே நின்றுபோனது. ‘இந்தத் தடவை அறுப்பு இல்லை’ என்ற பேச்சு பரவியதும் மூட்டைகள் பதுங்கின; அரிசி விலை எகிறியது.

ஆனால் அரிசி இருந்தது! பின்னாளில் கணக்கைப் புரட்டிப் பார்த்தவர் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். 1971 முதல் 1975 வரையான ஆண்டுகளில் தலைக்கு அதிகத் தானியம் இருந்தது 1974-ல்தான் என்று அவர் காட்டினார். கடையில் இருந்ததை வாங்கத்தான் கையில் காசில்லை. கிடங்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த அதிகாரிகள் கண்ணில் இது படவில்லை.

செப்டம்பர் கடைசியில்தான் அரசு பஞ்சத்தை ஒப்புக்கொண்டது. ‘லங்கர்கானா’ என்ற பெயரில் கிட்டத்தட்ட 6,000 கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள். நாற்பது லட்சம் பேருக்கு மேல் அதில்தான் பசியாறினார்கள். நவம்பர் முடிவதற்குள் மூடியும் விட்டார்கள். அமெரிக்க உதவித் தானியத்தின் கதை இன்னும் மோசம். வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றது குற்றமாம்; அதற்காகத் தானியத்தை நிறுத்திவைத்தார்கள். அந்த ஏற்றுமதியை நிறுத்திய பிறகு கப்பல்கள் வந்து சேர்ந்தபோது பஞ்சம் பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. அரசுக் கணக்கில் சாவு 26,000. அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் யாரும் நம்பவில்லை. பல மடங்கு என்கிறார்கள்.

1998-ல் வந்தது அதைவிடப் பெரிய வெள்ளம். நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு மாதத்துக்கு மேல் நீருக்குள். பஞ்சம் மட்டும் வரவில்லை. தனியார் இறக்குமதிக்கு அரசு வழிவிட்டிருந்ததால் இந்தியாவிலிருந்து எல்லை தாண்டி அரிசி வந்துகொண்டே இருந்தது, பதுக்கியவர்களுக்கு லாபமில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு அட்டை கொடுத்து இலவச அரிசி அளந்தார்கள்.

அட்டை அரிசி பாதி வயிற்றுக்குத்தான். மீதிக்கு உறவிலும் வட்டிக்காரரிடமும் கைநீட்டினார்கள். ஓராண்டு கழித்தும் பல வீடுகளில் அந்தக் கடன் அப்படியே நின்றது.