இரட்டை யானைச் சீட்டு

பண்டத்தோடு வந்த படம் பண்டத்தைவிட நெடுநாள் வாழ்ந்துவிடுவதுண்டு. இங்கிலாந்தில் சிகரெட் நசுங்காதிருக்கப் பெட்டிக்குள் வைத்த அட்டையில் 1890-களில் கால்பந்து வீரர்கள் தோன்றினர். புகை போயிற்று, அட்டைகளைச் சிறுவர் சேர்த்து வைத்தனர். கொங்கு நாட்டில் அதற்கு ஒப்பானது நூற்கட்டின் மேல் ஒட்டிய ஆலைச் சீட்டு.

கைத்தறிக்கு வந்த நூல் பெரும்பாலும் 10 ராத்தல் கட்டு. 40-ஆம் நம்பர் நூலெனில் ராத்தலுக்கு 40 சிட்டம். சிட்டம் ஒன்று 840 கெஜம். இந்தக் கணக்கைத் தறிக்காரர் விரல்நுனியில் அறிந்திருந்தார். எந்த ஆலையின் நூல் என்பதைத்தான் படம் சொல்லவேண்டியிருந்தது.

படத்தின் அதிகாரம் எவ்வளவென்பதற்கு 1882-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பே சான்று. ஆர்ச்சிபால்டு ஆர் யூவிங் என்ற ஸ்காட்லாந்து நிறுவனம் துருக்கிச் சிவப்பு நூலை இரண்டு யானைகள் பொறித்த சீட்டுடன் பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்பிவந்தது. பம்பாயில் அதற்கு வழங்கிய பெயர் 'பே ஹாத்தி'. குஜராத்தியில் இரண்டு யானை. ஜான்ஸ்டன் நிறுவனமும் இரட்டை யானைச் சீட்டொன்றை வெளியிட்டது. அதில் வேறு பெயர் அச்சிட்டிருந்ததே என்ற வாதம் எடுபடவில்லை. ஆங்கிலம் அறியாதவர் யானையைப் பார்த்தே வாங்குவர் என்று முடிவாயிற்று. எழுத்தறியாதார் வாய்மொழியில் இட்ட பெயருக்கு லண்டன் மன்றம் தலைவணங்கியது. கவிஞர்கள் நினைவில் கொள்ளத்தக்க வழக்கு இது.

கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை, 1910-இல் லட்சுமி மில்ஸ், 1920-களில் பீளமேட்டில் ஸ்ரீரங்கவிலாஸ் ஆலை எழுந்தன. 1932-இல் பைகாரா மின்சாரம் பிறந்தபின் ஆலைகள் பெருகின. ஆலை பெருகப் பெருக, ஒன்றோடொன்று மயங்காத அடையாளங்களும் வேண்டியிருந்தன.

இன்று இத்தகைய சீட்டுகள் சேகரிப்போர் கைக்கு வந்துவிட்டன. பெங்களூரின் கலை, புகைப்பட அருங்காட்சியகம் 2025-இல் துணிச் சீட்டுகளுக்கென்றே காட்சி நடத்தியது. ஆயினும் சேகரிப்போரிடம் ஒரு குறை உண்டு. தெய்வப் படத்துக்கு விலை தருவோர் ஓரத்தைக் கத்தரித்துச் சட்டமிடுகின்றனர். அச்சகத்தின் பெயர், பதிவு எண், நூல் நம்பர் ஆகியவை ஓரத்தில் இருக்கக்கூடியவை. லட்சுமி எங்கும் ஒரே லட்சுமிதான். ஆலையின் வரலாறு அந்த அரை அங்குலத்தில் இருக்கிறது.

தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் வசம் சென்ற ஸ்ரீரங்கவிலாஸ், 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற ஆலைகளுள் ஒன்று. அதன் சீட்டு சென்னிமலையிலோ பவானியிலோ ஒரு தறிக்காரர் வீட்டுப் பரணில் கிடைக்குமாயின், கத்தரி படாமல் வெளியே வரவேண்டும்.