அந்த மருந்துப் போத்தலுக்குள் என்ன இருந்தது?

2012 பெப்ரவரியில் மெல்பேர்ணிலுள்ள எசெண்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் வீரர்கள் சில படிவங்களில் கையெழுத்திட்டார்கள். அவற்றில் நான்கு பொருட்களின் பெயர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் தைமோசின். ஆறு கிழமைக்குக் கிழமைக்கொரு ஊசி, அதன்பிறகு மாதத்துக்கொரு ஊசி. எல்லாமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் (வாடா) விதிகளுக்கு உட்பட்டவைதான் என்ற உறுதியும் அதே தாளில் இருந்தது. ஆனால் தைமோசின் என்பது ஒரு தனி மருந்தின் பெயர் இல்லை, அது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. அந்தக் குடும்பத்தில் எந்த ஆள் எண்டு படிவத்தில் எழுதியிருக்கேல்ல. நான்கு வருடம் கழித்து 34 பேரின் விளையாட்டு வாழ்க்கை இந்த எழுதப்படாத சொல்லில் தொங்கி நின்றது.

இது எங்கட உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் காலாலும் கையாலும் ஆடுகிற அவுஸ்திரேலிய விதி ஆட்டம். ஓட்டமும் மோதலும் கூடியது, தசையும் தசைநாணும் முழங்கால் சவ்வும் கிழிவது வழமை. காயம்பட்ட வீரர் எத்தனை கிழமையில் திரும்பி வருவார் என்பதில்தான் ஒரு கழகத்தின் பருவமே இருக்கிறது. ஆகவே 'காயம் கெதியா மாறும்' எண்டு யாராவது ஒரு ஊசியைக் கொண்டுவந்தால் அதற்குக் காது கொடுக்க ஆட்கள் தயாராக இருப்பினம். இன்றைக்கு யூடியூபில் ஜிம் காரர்கள் வாய் ஓயாமல் சொல்கிற பிபிசி-157, ரிபி-500 (முதலாவது வானொலி இல்லை!) எல்லாம் இதே வாக்குறுதியோடு வருகிற பொருட்கள்தான். அதனால் இவற்றின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கவேண்டியிருக்கு.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் பல்பெப்ரைட்டு என்ற சொல் ஞாபகம் இருக்கும். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோர்த்தால் பெப்ரைட்டு, சங்கிலி நீண்டு மடிந்தால் புரதம். உடம்பில் இவற்றில் பல செய்தி காவிகளாக வேலை செய்கின்றன. வாயால் விழுங்கினால் பெரும்பாலானவற்றை வயிறு வெட்டிச் சமித்துவிடும், அதனால்தான் ஊசி. உடம்பின் சாற்றை உடம்புக்குள் ஏற்றினால் இழந்த பலம் திரும்பும் என்ற ஆசை இந்த விஞ்ஞானத்தைவிடப் பழையது. 1889 ஜூனில் பரிஸ் நகரத்து விஞ்ஞானிகள் சபையொன்றின் முன் 72 வயதான பிரௌன்-செக்கார் என்ற பெரிய உடற்றொழிலியலாளர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஏற்றி இளமை பெற்றதாக அறிவித்தார். அது அவருடைய மனப்பிரமை. ஆனாலும் அதே பாதையில்தான் 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் 14 வயதுப் பெடியன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி ஏறியது. ஒன்று ஏமாற்றம், மற்றது உயிர் காத்தது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான், கலங்கிய சாறும் ஒரு ஊசியும்.

1963 இல் அமெரிக்கரான புரூஸ் மெரிபீல்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். சிறிய பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக மற்றவற்றைச் சேர்த்துக்கொண்டு போகலாம். ஒவ்வொரு படிக்கும் பிறகு மணியைக் கழுவினால் போதும். இதை இயந்திரமாக்கலாம், இயந்திரமாக்கினார்கள். 1984 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று எங்கோ ஒரு தொழிற்சாலை, உத்தரவு வந்தால் பதினைந்து அமினோ அமிலச் சங்கிலியைக் கிலோக் கணக்கில் செய்து அனுப்பக்கூடியதாக இருப்பதற்கு அடிப்படை இதுதான். செய்வது சுலபமாயிற்று, ஆனால் அது மனிதருக்கு என்ன செய்யும் எண்டு கண்டுபிடிப்பது முன்பிருந்த மாதிரியே செலவும் காலமும் பிடிக்கிற வேலை. இந்த இடைவெளிக்குள்தான் பிறகு வந்த எல்லாம் நடந்தது.

தைமோசினுக்கு வருவோம். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பியிலிருந்து, 1960களின் நடுவில் நியூயோர்க்கில் அலன் கோல்ட்ஸ்ரைனும் ஏபிரகாம் வைற்றும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்துத் தைமோசின் எனப் பெயர் வைத்தார்கள். எடுத்தது கன்றுக்குட்டியின் சுரப்பியிலிருந்து. பிறகு பார்த்தால் அது ஒரு பொருள் இல்லை, ஒரு கலவை. அதிலிருந்து ஆல்பா 1 வந்தது. அது சில நாடுகளில் ஈரல் அழற்சிக்கு மருந்தாகியது. 43 அமினோ அமிலங்கள் கொண்ட பீற்றா 4 உம் வந்தது. கலங்களின் அசைவுக்குத் தேவையான அக்ரின் என்ற புரதத்தைப் பிடித்துவைத்திருப்பது பீற்றா 4 இன் வேலை. காயம் ஆற, கலங்கள் காயத்தின் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஊர்ந்து வரவேண்டும். எனவே காயத்துக்கு இது உதவுமோ என்ற கேள்வி நியாயமானது. எலிகளின் தோற்காயத்திலும், 2004 இல் எலி இதயத்திலும் நம்பிக்கை தருகிற முடிவுகள் வந்தன. மனிதரில் படுக்கைப்புண், கண் வரட்சி என்று பரிசோதித்தார்கள். அமெரிக்க அனுமதி கிடைக்கிற அளவுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

ஆனால் சந்தை காத்திருக்கவில்லை. ரிபி-500 என்ற பெயரில் குதிரைப் பந்தய உலகத்தில் ஒரு பொருள் விற்கப்பட்டது. 2012 இல் ஆய்வுகூடங்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது இருந்தது முழு பீற்றா 4 இல்லை, அதிலிருந்து வெட்டியெடுத்த ஏழு அமினோ அமிலத் துண்டு. குதிரைக்காரரும் தாங்கள் வாங்கியது என்னவெண்டு சரியாத் தெரியாமல்தான் வாங்கியிருக்கினம்.

அதே வருடம்தான் எசெண்டன். ஸ்ரீபன் டாங்க் என்ற விளையாட்டு விஞ்ஞானியைக் கழகம் வேலைக்கு எடுத்திருந்தது. கழகத்தின் வைத்தியர், நீண்டகாலப் பாதிப்புத் தெரியாத பொருட்கள் தன்னைத் தாண்டிப் போகின்றன என்று கவலைப்பட்டு ஒரு கடிதமே எழுதினார். ஊசி நிற்கவில்லை. 2013 பெப்ரவரியில் கழகம் தானாகவே போய் விசாரணை கேட்டது. அந்த வருட ஓகஸ்ட்டில் லீக், கழகத்துக்கு 20 இலட்சம் டொலர் தண்டம் விதித்து, இறுதிச் சுற்றிலிருந்து நீக்கி, பயிற்றுவிப்பாளர் ஜேம்ஸ் ஹேர்டை 12 மாதம் இடைநிறுத்தியது. டாங்க் ஒரு பத்திரிகைப் பேட்டியில் பீற்றா 4 கொடுத்ததாகச் சொன்னார். அது தடைசெய்யப்பட்டது எண்டு பத்திரிகையாளர் சொன்னதும், தான் கருதியது தைமோமொடுலின் என்ற வேறொன்றை என்றார்.

வழக்கின் சிக்கல் இதுதான்: எந்த வீரருடைய வழமையான சிறுநீர்ப் பரிசோதனையும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. யாருக்கு, எந்த நாளில், எது, எவ்வளவு ஏற்றப்பட்டது என்ற ஒழுங்கான பதிவேடு கிடைக்கவில்லை. சீனாவிலிருந்து வந்த மூலப்பொருள், அதைக் கலந்த மருந்தகம், குறுஞ்செய்திகள் என்று துண்டு துண்டான சாட்சியங்கள்தான். 2015 மார்ச் 31 அன்று லீக்கின் தீர்ப்பாயம், போத்தலுக்குள் இருந்தது பீற்றா 4 தான் என்று திருப்திப்பட முடியாது என்று 34 பேரையும் விடுவித்தது. 2016 ஜனவரி 12 அன்று விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம், அதே துண்டுகளைச் சேர்த்து முறுக்கினால் கயிறு போதிய பலமாக இருக்கு எண்டு 34 பேரையும் குற்றவாளிகளாகக் கண்டது. இரண்டு வருடத் தடை. முன்தேதியிட்டுக் கழித்தும் 2016 பருவம் முழுவதும் போயிற்று. சுவிற்சர்லாந்து உச்ச நீதிமன்றத்தில் செய்த மேன்முறையீடும் தள்ளுபடியானது. 2012 இன் சிறந்த வீரருக்கான பிரவுண்லோ பதக்கம் வென்ற அணித்தலைவர் ஜோப் வாற்சன் அதை இழந்தார். பதக்கம் ட்ரென்ற் கொச்சினுக்கும் சாம் மிச்சலுக்கும் போனது.

நீதிமன்றம் வீரர்கள் மீது வைத்த குற்றம் ஒன்றை இலேசில் ஒதுக்க முடியாது. ஊக்கமருந்துப் பரிசோதனைக்குப் போன பெரும்பாலானவர்கள், அண்மையில் என்ன எடுத்தீர்கள் என்ற கட்டத்தில் அந்த ஊசிகளை எழுதவில்லை. கழகத்தின் வைத்தியரிடமும் கேட்கவில்லை. 'வளர்ந்த ஆம்பிளையள், கேட்டிருக்கலாந்தானே' எண்டு நாங்களும் சொல்லலாம். ஆனால் அணியில் இடம் கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற ஆட்கள் ஒரு தாளை நீட்டும்போது, பத்தொன்பது வயதில் ஒப்பந்தத்தோடு நிற்கிற ஒரு பெடியன் எத்தனை கேள்வி கேட்பான்? கையெழுத்து இருந்தது, சம்மதம் இருந்ததா என்பது வேறு கேள்வி. என் பார்வையில் இந்த விவகாரத்தில் வந்த மிகச் சரியான தீர்ப்பு, ஆகக் குறைவாகப் பேசப்பட்டது. 2016 ஜனவரியில் மெல்பேர்ண் நீதவான் நீதிமன்றம் எசெண்டன் கழகத்துக்கு 2 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. ஊக்கமருந்துச் சட்டத்தின் கீழ் இல்லை, வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். தொழிலாளருக்கு ஆபத்தில்லாத வேலைத்தலத்தை வழங்கத் தவறியதாகக் கழகமே குற்றத்தை ஒப்புக்கொண்டது. வீரர்களை ஏமாற்றுக்காரராக இல்லாமல், என்ன இரசாயனம் எண்டு சொல்லப்படாமல் அதோடு வேலை செய்ய விடப்பட்ட தொழிலாளராக அந்தச் சட்டம் பார்த்தது.

ஊசியால் காயத்தை ஆற்றுவது என்ற எண்ணமே மோசடி எண்டு இதிலிருந்து முடிவெடுக்கத் தேவையில்லை. கியூபாவைப் பாருங்கோ. ஹவானாவின் மரபணுப் பொறியியல், உயிர்த்தொழில்நுட்ப நிலையத்தில், மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்ற 53 அமினோ அமிலப் பொருளை நீரிழிவுக் காற்புண்ணின் விளிம்பிலும் அடியிலும் நேரடியாக ஏற்றிப் பார்த்தார்கள். 2006 இல் ஹெபர்புரொற்-பி என்ற பெயரில் அங்கே பதிவானது. காலை வெட்டுவதைத் தவிர்ப்பதுதான் நோக்கம். சீனி வருத்தத்தால் விரலோ காலோ இழந்த ஒருவரையாவது எங்கட ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்பதால் இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. பல வைத்தியசாலைகளில், சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டு ஒப்பிட்டு, முடிவை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டாயிற்று என்றில்லை, விவாதம் இருக்கிறது. ஆனால் விவாதிக்க எழுதப்பட்ட ஒன்று இருக்கிறது.

பிபிசி-157 இடம் அது இல்லை. குரோஷியாவின் சாக்ரெப் பல்கலைக்கழகத்தில் பிரெட்ராக் சிக்கிரிச்சின் குழு 1990களின் தொடக்கத்தில், மனித இரைப்பைச் சாற்றிலிருந்து வந்ததாகச் சொல்லி இந்தப் பதினைந்து அமினோ அமிலச் சங்கிலியை அறிமுகப்படுத்தியது. முதலில் பேசப்பட்டது வயிற்றுப்புண். பிறகு குடல் அழற்சி, பிறகு எலியின் வெட்டிய குதிக்கால் தசைநாண், எலும்பு, நரம்பு. முப்பது வருடக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே குழுவினுடையவை, மிகப் பெரும்பாலானவை எலியில். புதிய இரத்தக் குழாய்கள் முளைக்க இது உதவுகிறது என்கிறார்கள். காயத்துக்கு அது நல்லது. எங்கேயாவது ஒளிந்திருக்கிற புற்றுக் கட்டிக்கும் இரத்தக் குழாய் தேவை, அந்தக் கேள்விக்கு மனிதரில் நீண்டகாலம் பார்த்த பதில் கிடையாது. 2015 இல் 42 ஆரோக்கியமான ஆட்களில் ஒரு பாதுகாப்புப் பரிசோதனை பதிவு செய்யப்பட்டது. முடிவு வெளியாகவில்லை.

2022 இலிருந்து வாடாவின் தடைப் பட்டியலில் பிபிசி-157 இன் பெயர் நேரடியாகவே இருக்கிறது, எந்த நாட்டிலும் மனிதச் சிகிச்சைக்கு அனுமதி பெறாத பொருட்களின் பிரிவில். ரிபி-500 உம் பட்டியலில் உண்டு. இலங்கையில் தேசிய மட்டத்தில் ஓடுகிற, பாரம் தூக்குகிற ஆட்களுக்கும் இதே பட்டியல்தான். 2023 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், மருந்தகங்கள் கலந்து விற்பதில் பாதுகாப்புப் பிரச்சினை இருக்கக்கூடிய பொருட்களோடு பிபிசி-157 ஐச் சேர்த்தது. இணையத்தில் விற்பனை நடக்கிறது. வருவது உறையவைத்து உலர்த்திய வெள்ளைத் தூள், சின்னக் கண்ணாடிப் போத்தலில். ஒட்டியிருக்கிற தாளில் பொடி எழுத்தில் பெரும்பாலும் ஒரு வசனம் இருக்கும்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல.