வென்ட்டின் இருட்டறை

படம் டெவலப்பரில் கிடக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் போச்சு. வெள்ளை கறுக்கும், உருவத்தைச் சுற்றி ஒரு கோடு விழும். கல்முனையில் எங்கள் ஸ்டூடியோவில் நாங்கள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு தாள் எடுப்போம். கொழும்பில் புகைப்படக்காரர் லயனல் வென்ட் 1930களில் அதையே வேண்டுமென்று செய்தார். அந்தக் கோடு பெரும்பாலும் இளைஞர்களின் முதுகையும் தோளையும் சுற்றி ஓடியது.

வென்ட் 1900இல் பிறந்த பறங்கியர். லண்டனில் சட்டம் படித்தார், பியானோ கற்றார், பிறகுதான் கமெரா. ஆண்களை நேசித்தவர். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அதைக் குற்றம் என்றது. (1995இல் திருத்தியபோது அந்தப் பிரிவை நீக்கவில்லை, பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்!) ஆனால் படத்தில் ஆணின் வெற்றுடம்பு சிலைக்குப் பக்கத்தில் நின்றால் அது கலை, வலையோடு நின்றால் அது தொழில். சட்டம் தொடாத இந்த இடைவெளி வென்ட்டுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஒட்டுப்படம் எங்களுக்கும் புதிதில்லை. மாப்பிள்ளை சவூதியில், பெண்ணும் பிள்ளையும் இங்கே. அவர் அனுப்பிய படத்தை பிளேடால் வெட்டி, பக்கத்தில் ஒட்டி, ஓரத்தைப் பென்சிலால் தடவி மறுபடி படம் பிடிப்போம். ஒட்டு தெரிந்தால் உம்மாமார் காசு தரமாட்டார்கள். வென்ட்டோ இரண்டு மூன்று நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டு, ஒட்டு தெரியட்டும் என்று விட்டார். சேர முடியாதவை ஒரே தாளில் நிற்பதைப் பார்ப்பவர் உணரவேண்டும். அவருக்கு அதுவே வேண்டியிருந்தது.

ஒரு குறை சொல்ல வேண்டும். கரைவலை இழுக்கும் கரையில் வளர்ந்தவன் நான். அவருடைய மீனவர் படங்களில் என் கண் முதலில் போவது கயிற்றைப் பிடித்த கைக்கு. அந்தக் கைக்காரர்களின் பெயர் படத்தில் இல்லை. கொழும்பு 7 துரைக்கு முன்னால் நிற்கச் சொன்னால் யார் மறுப்பார்? அழகைப் பார்த்த கண்ணில் அதிகாரமும் இருந்தது.

1943இல் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் போன்ற ஓவியர்களோடு அவர் உருவாக்கியதுதான் '43 குழு'. அடுத்த ஆண்டே இறந்துபோனார். அதன் பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அவருடைய படங்கள் 1950இல் லண்டனில் நூலாக வந்தன. 2017இல் ஜேர்மனியின் டொக்குமென்டா கண்காட்சிவரை போயின. ஸ்டூடியோக்காரனுக்கு நெகட்டிவ்தான் முதல். எங்கள் நெகட்டிவ் உறைகளை 2004 டிசம்பர் சுனாமியில் கடல் கொண்டுபோனது, அவருடையதை மனிதர்கள். எந்த உடம்பை எந்த நெகட்டிவிலிருந்து எடுத்துச் சேர்த்தார் என்பதை இனி அச்சுப்படத்தின் ஓரங்களைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.