தொண்டைமான் என்னும் பெயர்

அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே அமைந்த மலையூர் கொட்டகலை. அதன் சரிவுகளில் தழைக்கும் தேயிலைச் செடியின் தாயகங்களுள் ஒன்று சீனம். அந்நாட்டில் குடிப்பெயர் முன்னும் ஒருவரது சொந்தப் பெயர் பின்னுமாக வரும். வாங், லீ, சாங் முதலிய குடிப்பெயர்கள் பல நூற்றாண்டுகளாகத் தந்தைவழியே தொடர்ந்து வருகின்றன. தமிழர் வழக்கோ வேறு. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகி மகனது பெயருக்கு முன் நிற்கும். அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்தும் மாறிவிடும். இத்தகைய வழக்கினிடையே, மிகப் பழமையான ஒரு பெயர் மலையகத்தில் குடும்பப் பெயராக நிலைபெற்றது. அதுவே தொண்டமான்.

தொண்டை என்பது கோவைக் கொடி. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டது தொண்டை நாடு. அதன் வேந்தன் தொண்டைமான். அங்கு ஆண்ட இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. அந்நூலுக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஒரு கதை கூறுவர். சோழன் ஒருவனுக்கு நாகர் மகள் பெற்ற குழந்தை, தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட்டது. அலை அதனைக் கரை சேர்த்தது என்பது அக்கதை. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், கடல் கடந்து வந்தவனுக்கு உரிய பெயர் என்று முன்னோர் கருதினர் என்பது புலனாகும்.

பின்னர் இப்பெயர் படைத்தலைவர்க்கு உரியதாயிற்று. முதற் குலோத்துங்க சோழனுக்காகக் கலிங்கத்தை வென்ற கருணாகரத் தொண்டைமான், சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியால் புகழ் பெற்றான். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றினை வெட்டுவித்தவன் அவனே என்பது அப்பகுதி மரபு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேதுபதியின் ஆதரவு பெற்று இரகுநாதத் தொண்டைமான் புதுக்கோட்டையில் ஆட்சியை நிறுவினார். அம்மரபின் அரசு 1948 மார்ச்சு 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தில் இணைந்து முடிவுற்றது.

அதே ஆண்டில் இலங்கையில் இப்பெயருக்கு வேறொரு பொருள் பிறந்தது. இராமநாதபுரச் சீமையிலிருந்து வந்து தோட்ட வேலையில் தொடங்கி, இறம்பொடையில் வெவண்டன் தோட்டத்தையே வாங்கியவர் கருப்பையா. அவர் மகன் சௌமியமூர்த்தி தொண்டமான் 1913-இல் முனப்புதூரில் பிறந்தவர். 1939-இல் தோன்றிய இலங்கை இந்திய காங்கிரசில் வளர்ந்து, 1947-இல் நுவரெலியாத் தொகுதியில் வெற்றி பெற்றார். மறு ஆண்டே 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேர் நாடற்றோர் ஆயினர். புதுக்கோட்டையில் மணிமுடி இழந்த பெயர், இங்கே குடியுரிமை இழந்தோரின் குரலாயிற்று. பெயர் ஒன்றாயினும் இது போரில் பெற்ற பட்டமன்று. தொழிற்சங்கத்தில் பெற்ற தலைமை.

காங்கிரஸ் பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று; கொட்டகலை அதன் முக்கிய நிலையங்களுள் ஒன்றாக விளங்குகிறது. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்க்கப்படுமாறு விடப்பட்டது. தொண்டமான் 1978-இல் அமைச்சரானார். நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கண்டார். அவர் 1999-இல் மறைந்தபின் பேரர் ஆறுமுகன் தொண்டமான் தலைமை ஏற்று 2020-இல் மறைந்தார். கொள்ளுப்பேரர் ஜீவன் தொண்டமான் அவ்வாண்டே நாடாளுமன்றம் புகுந்தார். தலைப்பெழுத்து மாறும் தமிழர் வழக்கினிடையே சீனரைப் போன்று ஒரு குடிப்பெயர் இவ்வாறு வேரூன்றியது.

ஆயினும் அப்பெயருக்கு வலிமை தந்தோர் கொழுந்து பறித்த கைகளுக்கு உரியோரே. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் வழி திறந்த சட்டம் வந்தது 2003-இல். ஒரு பெயர் நான்கு தலைமுறை விளங்கிய அக்காலத்தில், அவர்கள் எல்லோருடைய பெயரும் வாக்காளர் இடாப்பில் இடம்பெற வழி பிறக்க 55 ஆண்டுகள் ஆயின.