தொட்டில் என்னும் பெயர்

ருமேனிய மொழியில் 'லியாகன்' என்றால் தொட்டில். சௌசெஸ்கு ஆட்சியில் கைக்குழந்தைகளை வைத்திருந்த அரசு இல்லங்களுக்கும் அதுவே பெயர். தொட்டிலை ஆட்டத்தான் அங்கே ஆளில்லை.

மக்கள்தொகையைப் பெருக்கும் நோக்கில் 1966இல் வெளியான 770ஆம் எண் ஆணை கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடைசெய்தது. வளர்க்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளை அரசிடம் ஒப்படைத்தனர். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இல்லங்களில் இருந்தனர். உணவு ஓரளவு கிடைத்த இல்லங்களிலும் பேச்சு கிடைக்கவில்லை. ஒரு பணியாளருக்குப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். வேளை மாறினால் ஆளும் மாறுவார். அழுதாலும் எவரும் வாரார் என்றறிந்த குழந்தை அழுகையையும் விட்டுவிடுகிறது.

இத்தீங்கு அன்றுதான் தெரியவந்ததன்று. 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஜான் பவுல்பி அளித்த அறிக்கை இதனை விரிவாகவே பேசியது. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது: இக்குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்ததால் பின்தங்கினரா, முன்பே பின்தங்கியிருந்ததால் கைவிடப்பட்டனரா? இதனை அறிய நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றனர். மற்றவர்க்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. நகரில் வளர்ப்புக் குடும்ப முறை ஏறத்தாழ இல்லாமையால் 56 குடும்பங்களை ஆய்வுக் குழுவே திரட்டியது.

குழந்தையின் வாழ்வைக் குலுக்கலில் விடலாமா? ஆய்வு நடந்திராவிடில் அந்த 68 பேரில் பெரும்பாலோர்க்குக் குடும்பம் வாய்த்திராது. எஞ்சியோர்க்கு வேறு வழியில் குடும்பம் கிடைத்தபோது ஆய்வு அதைத் தடுக்கவும் இல்லை. இவ்விரண்டும் தெரிந்திருந்தும் இக்கேள்வியை என்னால் எளிதில் கடந்துசெல்ல இயலவில்லை.

மொழியியல் வகுப்புகளில் மொழி பெறும் பருவத்தை விளக்க ஜீனி என்ற ஒற்றைச் சிறுமியின் கதையையே இன்றும் சொல்கிறோம். புக்கரெஸ்ட் ஆய்வின் மொழித்தரவு அதனினும் உறுதியானது. 2011இல் வெளியான முடிவுகளின்படி, 15 மாதத்துக்குள் குடும்பம் சேர்ந்த குழந்தைகள் மூன்றரை வயதில் பேச்சிலும் புரிதலிலும் ஏனைய வீட்டுக் குழந்தைகளை ஒத்திருந்தனர். 15 முதல் 24 மாதத்துக்குள் சேர்ந்தோர் பெரிதும் முன்னேறினர். 24 மாதம் கடந்து சேர்ந்தோரோ இல்லத்திலேயே இருந்தவர்களைப் போன்று கடுமையாகப் பின்தங்கியிருந்தனர். இடைப்பட்டது ஒன்பதே மாதம். ஒரு கோப்பு இரண்டு மேசைகளைக் கடக்க நம் அலுவலகங்கள் எடுத்துக்கொள்ளும் காலம்!

இம்முடிவுகள் வெளிவருமுன்பே, 2004இல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதை ருமேனியா சட்டத்தால் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முனைப்பும் அதற்கொரு காரணம். ஆனால் அச்சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: கடும் உடற்குறையோ மனக்குறையோ உள்ள குழந்தைகளை இரண்டு வயதுக்கு முன்பும் இல்லத்தில் சேர்க்கலாம். எவரேனும் அருகிருந்து ஓயாது பேசவேண்டிய தேவை மிகுதியாக உள்ளவர்கள் அவர்களே.